பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி வாங்கறவங்க பாருங்க: எனக்கு 85,000 ரூபாய் போச்சு

இப்பதான் போனை வெச்சேன், கை இன்னும் நடுங்குது. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

ஈரோட்ல ரெடிமேட் சட்டை மொத்த வியாபாரம் நமக்கு. 2024 தீபாவளிக்கு முன்னாடி, புரோகிராம் எழுத ஆள் பிடிச்சுத் தர்ற ஒரு வெப்சைட் மூலமா ஒரு தம்பி வந்தாப்ல. கடையிலயே உக்காந்து டீ குடிச்சுட்டு, "அண்ணா, கணக்கு பூரா டேட்டாபேஸ் உள்ளயே ஸ்டோர்டு ப்ரொசீஜரா வெச்சர்றேன். ஸ்பீடு, சேஃப்டி, ஒருத்தனும் காப்பியடிக்க முடியாது"ன்னார். ஸ்டோர்டு ப்ரொசீஜர்னா, கணக்குப் போடற கட்டளைகளை டேட்டாபேஸ்லயே ஒரு பேர் வெச்சு சேமிச்சு வெக்கறதாம். மச்சான் பையன் மட்டும், "புரோகிராம் கோடு (சோர்ஸ்) நம்ம கைக்கு வருமா மாமா?"ன்னான். பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதடான்னு நான்தான் அடக்கினேன். அன்னைக்கு சாயங்காலமே 85,000 முழுசா அனுப்பிட்டேன்.

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுச்சுங்களா? 1,000 ரூபாய்க்கு மேல போற சட்டைக்கு 12 சதவீதம் இருந்தது, இப்ப 2,500 வரைக்கும் 5தான். நம்ம பில் 1,450 ரூபாய் சட்டைக்கு 72.50 போடாம, பழையபடி 174 போட்டுட்டே இருந்துச்சு. சேலத்துப் பார்ட்டி, "ஏனுங்க, கவர்மெண்டே குறைச்சும் நீங்க குறைக்கலியா?"ன்னு கேட்டாரு. மானம் போச்சு.

தம்பிக்கு அடிச்சா, "ரெண்டு நாள்ல பாக்கறேண்ணா." அப்புறம், "மீட்டிங்ல இருக்கேண்ணா." இப்ப ரிங் போகுது, எடுக்கறதில்ல. வெப்சைட்காரங்களோ, "வேலை முடிஞ்சதுன்னு நீங்களே ஓகே குடுத்துட்டீங்க சார்." இன்னைக்கும் அதே பாட்டுதான்.

மச்சான் பையனையே கூப்பிட்டு உக்கார வெச்சேன். எஸ்க்யூஎல் சர்வர்ங்கற நம்ம டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ப்ரொசீஜரைத் திறந்தா, 'என்கிரிப்ட் ஆகியிருக்கு'ன்னு ஒரே ஒரு வரி. எழுதறப்பவே 'வித் என்கிரிப்ஷன்'னு ரெண்டு வார்த்தை சேர்த்துட்டா உள்ள இருக்கறது தெரியாதாம். ஜிஎஸ்டி ரேட்டுக்குன்னு ஒரு டேபிளே இல்ல, 12ங்கிறதை அதுக்குள்ளயே அடிச்சு வெச்சிருக்கணும்ங்கறான். "ப்ரொசீஜர் மேல தப்பில்ல மாமா. திறந்திருந்தா புரோகிராமைத் தொடாம அஞ்சு நிமிஷத்துல மாத்தியிருப்பேன். டேட்டாபேஸுக்குப் போற கட்டளையை, அதான் குவெரியை, புரோகிராம்ல எழுதி, சோர்ஸ் தராம போயிருந்தாலும் இதே கதிதான்." உடைச்சுப் பாக்க டூல் இருக்காம். ஆனா அதுக்கு அட்மின் பாஸ்வேர்டு வேணுமாம், அதுவும் அந்த மகராசன் கையில!

சரி, சொன்ன விஷயம்: ப்ரொசீஜர் ஸ்கிரிப்ட், சோர்ஸ், அட்மின் பாஸ்வேர்டு மூணும் கைக்கு வராம கடைசித் தவணை தராதீங்க. வரி ரேட் டேபிள்ல தேதியோட இருக்கான்னு திறந்து காட்டச் சொல்லுங்க. வெப்சைட்ல அவசரப்பட்டு ஓகே அமுக்காதீங்க. இன்னும் இருக்கு, ஆனா கடையில ஆள் நிக்கறாங்க, பில்லெல்லாம் கையாலதான் எழுதணும். 85,000ங்க!