எஃப்ஐவி பூனைய கூட்டிட்டு போன காட்பாடி கிளினிக், என் அனுபவம்

சத்துவாச்சாரில தெருவுல சுத்திட்டு இருந்த கடுவன், வயசு எட்டு ஒன்பது இருக்கும், வீட்டுக்கு கொண்டாந்த கையோட வாய் நாத்தம், சோறு வெச்சா மோந்துட்டு போயிடுவான். மொதல்ல பாத்த எடத்துல எஃப்ஐவி, அதாவது பூனைங்களோட எதிர்ப்பு சக்திய கொறைக்கற வைரஸ்னு சொல்லிட்டு "ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடலாம்"னாங்க, எனக்கு வயிறே கலங்கிடுச்சு.

அப்புறம்தான் காட்பாடி பக்கம் இந்த கிளினிக். டாக்டரம்மா நிதானமா சொன்னாங்க, இது மனுஷங்களுக்கு ஒட்டாது, பூனைங்களுக்குள்ளயும் முக்கியமா ஆழமா கடிச்சாதான் பரவும், வெளிய விடாம வெச்சிருந்தா பல வருஷம் நல்லா இருப்பான்னு. ஈறு வீக்கம்தான் பிரச்சனையாம், மயக்கம் குடுத்து நாலு பல்லு புடுங்கினாங்க, மூணாம் நாளே வேகவெச்ச கோழிய வழிச்சு நக்கிட்டான் பய! வேகவெக்காத கறி மட்டும் குடுக்காதீங்க, 6 மாசத்துக்கு ஒருதடவ ரத்தம், எடை பாக்கணும்னாங்க.

குறைனு பாத்தா, நாய் பூனை எல்லாத்தயும் ஒரே வராண்டால உக்கார வெக்கறாங்க, வேலூர் வெயில்ல ஒத்த ஃபேன், கூடைக்குள்ள இவன் கத்தின கத்து இருக்கே. காசும் கொஞ்சம் ஜாஸ்திதான். சாயந்திரம் கூட்டமா இருக்கும், காலைலயே போயிடுங்க.