விசையை எங்கே பிடிப்பது: பக்கத்திலா, செயலியிலா?

புதுச்சேரி நேரு வீதியின் துணிக்கடை ஒன்றில் ஓடும் பில் மென்பொருள், வெப்வியூ2 என்ற உலாவிக் கூறைத் தன்னுள் பொதித்து, திரையை வலைப்பக்கமாகக் காட்டும் விண்டோஸ் செயலி என்று வைத்துக்கொள்வோம். பாதி பில்லில் காசாளரின் விரல் எஃப்5 மீது பட்டால், பக்கம் மீண்டும் ஏற்றப்பட்டு, சேமிக்காத வரிகள் போய்விடும்.

இதைத் தடுக்க, பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்டின் கீடவுன் நிகழ்வை, அதாவது விசை அழுத்தப்பட்டதும் எழும் அறிவிப்பை, கவனிப்பது எளிய வழி. கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். ஆனால் வேறு தளத்திலிருந்து வரும் ஐஃப்ரேமுக்குள், அதாவது நம் பக்கத்தினுள் பொதித்த கட்டணப் பக்கம் போன்றவற்றில், கர்சர் இருக்கையில் அழுத்தும் விசை வெளிப்பக்கத்தை எட்டாது. தமிழ்த் தட்டச்சிலும் கவனம் தேவை: உள்ளீட்டுக் கருவி எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது விசை எண் 229 என்றே பெரும்பாலும் வரும், அதைக் கவனிக்காத நிரல், சொல்லை உறுதிசெய்ய அழுத்திய என்டரைப் பில்லை முடிக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இன்னொரு வழி, செயலி மட்டத்தில் வெப்வியூ2 எழுப்பும் ஆக்சிலரேட்டர்கீபிரஸ்டு (குறுக்குவிசை அழுத்தப்பட்டது) நிகழ்வைப் பிடிப்பது. அப்படிச் செய்தால், கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்த விசைகளும் எஃப் வரிசையும் பக்கத்துக்கு முன்பே நம் கைக்கு வரும்; சாதாரண எழுத்துகள் வாரா, தமிழ் உள்ளீட்டுக்கு அது நல்லதே. எனினும் இந்நிகழ்வு முடியும்வரை உலாவி காத்திருக்கும் என்பதால், அதற்குள் உரையாடல் பெட்டி திறப்பதைத் தவிர்க்க வேண்டும்.

என் தேர்வு, குறுக்குவிசைகளைச் செயலியிடமும் என்டரைப் பக்கத்திடமும் விடுவது. எஃப்5 மட்டுமே தொல்லையென்றால் இரண்டுமே வேண்டாம். உலாவிக் குறுக்குவிசைகளுக்கான அமைப்பை அணைத்தாலே போதும், நகலெடுப்பதும் ஒட்டுவதும் அப்போதும் வேலை செய்யும்.