ஆறு வருஷமாக ஒரு இ-ரீடர்: கடைசிப் பக்கத்தில் அது செய்யும் அநியாயம்

போன மாதம் என் இ-ரீடருக்கு, அதாவது மின்னூல் படிக்கும் கருவிக்கு, பேட்டரி மாற்றினேன். வாங்கிய புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் ஓடியது, கடைசியில் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். பின்மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், சூடு காட்டித்தான் பிரிக்க முடியும், அந்த அளவு பேட்டரியையும் வரவழைக்க வேண்டும் என்று சொல்லிப் பதினொரு நாள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினொரு நாளும், அது திரும்பி வந்த பிறகு அலுவலகத்தில் ஒரு தங்கை கேட்ட கேள்வியும் சேர்ந்துதான் என்னை இதை எழுத வைக்கின்றன.

"அக்கா, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன். அடுத்து எதை எடுக்கிறதுன்னே தெரியல. உங்ககிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கினா அதுவே சொல்லுமா?"

சொல்லும், ஓயாமல் சொல்லும். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் அது எடுத்துக்கொடுத்து நான் மனம் ஒன்றிப் படித்து முடித்தவை நான்கோ ஐந்தோதான் இருக்கும்.

திரை, எடை, எழுத்தின் கூர்மை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடியில் மாலை வெயிலில் படிக்கிறேன், கரண்ட் போன ராத்திரியில் படிக்கிறேன், கண் வலித்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரும் இதில்தான் ஒரு குடும்ப நாவலை முழுசாகப் படித்தார், பத்து வருஷத்தில் அவர் படித்து முடித்த முதல் நாவல் அது. அதற்காகவே இந்தக் கருவியின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய நூல்களும், 1998-லிருந்து மதுரைத் திட்டத்தில் ஆர்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் இலக்கியங்களும் காசில்லாமல் கையில் வந்து சேர்கின்றன. சங்கப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தால் படுத்தபடியே தேடி எடுத்துவிடலாம்.

எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் சாம்பிள். புத்தகத்தின் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கைச் சும்மா தருகிறார்கள். நான் நாவல் மட்டுமே படிக்கிற ஆளாக இருந்தவள். கட்டுரை, வரலாறு, அறிவியல் என்று கைநீட்டியது முழுக்க இந்தச் சாம்பிளால்தான். காசு போட்டு வாங்கிப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இல்லாததால் மண்புழுவைப் பற்றி, நாணயங்களைப் பற்றி, ரயில்வேயைப் பற்றி என்று எதையும் ஒரு இருபது பக்கம் புரட்டிப் பார்த்தேன்.

எந்த வகைக்குச் சாம்பிள் உதவும் என்பதும் பழகப் பழகத்தான் தெரிந்தது. வரலாறு, அறிவியல் போன்ற நூல்களுக்கு அருமை, ஏனென்றால் பொருளடக்கம் முழுசாகக் கிடைத்துவிடும், ஆசிரியர் எதைச் சொல்லப் போகிறார் என்று முதல் அத்தியாயத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிடுவார். சிறுகதைத் தொகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரு கதையாவது முழுசாக வந்துவிடும், அதைவிட நியாயமான சாம்பிள் கிடையாது. நாவலுக்குத்தான் அது போதாது. நல்ல நாவல்கள் பல மெதுவாகவே கிளம்புகின்றன, நாற்பதாம் பக்கத்தில்தான் ஊரும் ஆட்களும் மனதில் உட்காருகிறார்கள். அதற்குள் சாம்பிள் முடிந்துவிடும். புத்தகக் கடையில் நான் நாவலை வாங்கும் விதமே வேறு. நடுவில் எங்கேயாவது பிரித்து ஒரு பக்கம் படிப்பேன், அந்தப் பக்கத்தில் பேசுகிற இருவர் யாரென்றே தெரியாமல் அந்தப் பேச்சு என்னை நிறுத்தினால் எடுத்துக்கொள்வேன். சாம்பிளில் நடுப்பக்கம் கிடையாது.

தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை என்று வரிசையாக நின்று அந்தப் பத்தில் ஒரு பங்கை அவையே தின்றுவிடுகின்றன. ஒரு தடவை ஒரு நாவலின் சாம்பிள் முழுக்க மூன்று பேர் அதைப் பாராட்டியிருந்ததைப் படித்து முடித்தேன், கதையின் முதல் வரி வரவே இல்லை. பதிப்பாளர்கள் மின்னூலிலாவது அணிந்துரைகளைப் பின்னால் கொண்டுபோய் வைக்கலாம். இதை ஒரு கோரிக்கையாகவே சொல்கிறேன்.

சரி, இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

ஒரு நாவலின் கடைசி வரியைப் படிக்கிறோம். மனசு கனத்துப் போயிருக்கிறது. அடுத்த பக்கத்துக்கு விரலை வைத்தால் கருவி உடனே ஒரு பெட்டியைத் திறக்கிறது. எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்கிறது, அதற்குக் கீழே அடுத்து வாசிக்க இவை என்று மூன்று நான்கு அட்டைகளை வரிசையாக வைக்கிறது. ஒரு துக்க வீட்டிலிருந்து வெளியே வந்ததும் வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது எனக்கு. ஆறு வருஷமாக ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதே கதை. அமைப்புகளுக்குள் போய்த் தேடித் தேடிப் பார்த்தும் என் கருவியில் இதை நிறுத்த வழி கிடைக்கவில்லை.

எரிச்சலோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கதை முடிகிற இடத்தைப் புத்தகமே முடிகிற இடம் என்று இந்தக் கருவி எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆசிரியர் குறிப்பு, துணைநூல் பட்டியல், பின்னிணைப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கின்றன. பெட்டியை மூடினால் நூலகப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. நான் படித்து முடித்துவிட்டதாகக் குறித்தும் விடுகிறது.

இதனால் நான் இழந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் தாது வருஷப் பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு நாவலை இதில் படித்தேன். 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைக் காலி செய்த பஞ்சம் அது. எங்கள் பாட்டி, சோற்றை வீணாக்கினால் "தாது வருஷம் தெரியுமா உனக்கு" என்று திட்டுவார், எனக்கு அந்தப் பெயர் திட்டாகத்தான் தெரிந்திருந்தது. நாவல் என்னை உலுக்கிவிட்டது. இதெல்லாம் நிஜமாக நடந்ததா, எங்கே படிக்கலாம் என்று தவித்துக்கொண்டிருந்தபோது கருவி எனக்குக் காட்டியது மூன்று குடும்ப நாவல்கள். அதில் ஒன்றை வாங்கினேன், பாதியில் நிறுத்தினேன். பஞ்சம் அப்படியே மனதை விட்டுப் போய்விட்டது.

போன வருஷம் எங்கள் கிளை நூலகத்தில் அதே நாவலின் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். பழைய ஆளைப் பார்த்த மாதிரி எடுத்துப் புரட்டினால் கடைசியில் ஒன்பது பக்கத்துக்கு ஆசிரியர் குறிப்பு! எந்த ஆவணத்திலிருந்து எந்தக் காட்சி வந்தது, எந்த வரலாற்று நூலைப் படித்தார், எதைக் கற்பனையாகச் சேர்த்தார் என்று அத்தனையும் எழுதியிருந்தார். நான் தேடிய பதில் என் பைக்குள்ளேயே, அந்தப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. நூலகத்தில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பஞ்ச வரலாறு ஒன்றைப் படித்தேன். 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக, கூலிக்கு ஆள் வைத்து, சென்னை நகருக்குள் வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் வெட்டி இணைத்தார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. பக்கிங்ஹாம் கால்வாய். பறக்கும் ரயிலில் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய அந்தத் தண்ணீரை இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை.

அடுத்த புத்தகத்தை இப்போது படிக்கிற புத்தகம்தான் காட்ட வேண்டும். அதன் அடிக்குறிப்பும் துணைநூல் பட்டியலும் அதை எழுதியவர் நடந்து வந்த பாதை, நமக்கு அதைவிட நம்பகமான வழிகாட்டி யார் இருக்கிறார்கள்? நான் படித்ததை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது, நாவல் படித்தேன், அதனால் நாவல். அந்த நாவல் எந்தக் கேள்வியை எனக்குள் விட்டுப் போனது என்பது அதன் கணக்கில் வருவதே இல்லை.

கருவி ரிப்பேரில் இருந்த பதினொரு நாளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலையில் திறந்தபோது கூட்டத்துக்குப் பயந்து திரும்பி வந்தவள், அதற்கப்புறம் போகவே இல்லை. பறவைகளைப் பற்றி ஏதாவது எடுக்கலாம் என்று போய்ப் பாம்புகளைப் பற்றிய புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் ஊர்வன 597.9, பறவைகள் 598, இரண்டும் அடுத்தடுத்த வீடு. அந்தப் புத்தகத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய, இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சில பக்கங்கள் வந்தன. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள், பாம்புக்கடி மருந்து அந்த விஷத்திலிருந்து தயாராகிறது. அடுத்த ஞாயிறு இருளர்களின் வாய்மொழிக் கதைகளைத் தேடிப் போனேன். பறவையில் கிளம்பி நாட்டார் கதையில் வந்து நின்றேன், இடையில் எந்தப் பெட்டியும் திறக்கவில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், இன்னொன்று ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். முதலாவது எனக்குச் சுலபமாகப் புரிந்திருந்தது. அந்தப் பாம்புப் புத்தகம் கைக்கு வந்தபோதுதான் இரண்டாவது புரிந்தது. வாசகர்கள் அலமாரிக்குள் தாங்களே நடந்து போக விட வேண்டும் என்று அவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பதும்.

இன்னொரு சின்ன விஷயம், கனம். கருவிக்குள் அறுநூறு பக்க வரலாறும் எண்பது பக்கக் குறுநாவலும் ஒரே அட்டை அளவில் நிற்கின்றன. கனமான ஒன்றை முடித்த பிறகு எனக்கு மெல்லிய ஒன்று வேண்டும், பெரும்பாலும் சிறுகதைகள். அலமாரியில் இதைக் கண்ணே முடிவு செய்துவிடும். கருவியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. பேட்டரி மாற்றி வந்ததும் எண்ணிப் பார்த்தேன், திறந்து பாதி படித்த சாம்பிள்கள் மட்டும் 63 இருந்தன.

அந்தத் தங்கைக்கு என்ன சொன்னேன் என்றால், முதலில் அவள் படித்த நாவலிலேயே நிற்கச் சொன்னேன். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த கதை அது, ஆதித்த கரிகாலனை யார் கொன்றார்கள் என்ற கேள்வி அதைப் படித்த எல்லாரையும் போல அவளையும் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்கிறது. "ரவிதாசன் நிஜமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீலகண்ட சாஸ்திரி எழுதிய சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக வந்தது, தமிழிலும் கிடைக்கிறது, முதலில் அதில் அந்தக் காலத்து அத்தியாயத்தை மட்டும் படி, அடிக்குறிப்பை விடாதே என்றேன். அவளுக்கு அடுத்த ஒரு வருஷத்துக்கு அது போதும்.

"அப்போ கருவி வாங்கவா வேண்டாமாக்கா?"

வாங்காதே என்றேன். இவ்வளவு பாராட்டிவிட்டு, எண்ணூறு ரூபாய் போட்டுப் பேட்டரியும் மாற்றிவிட்டு, இப்படிச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. வேறொரு நாள் கேட்டிருந்தால், அம்மா நாவல் படித்த கதையைச் சொல்லி உடனே வாங்கு என்றிருப்பேன். ஆனால் முந்தின ராத்திரிதான் ஒரு தன்வரலாற்றை முடித்தேன், கடைசி வரி முடிந்த கையோடு அந்தப் பெட்டி வந்தது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. படித்து முடித்தவரை ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடுகிற கருவி வந்தால் அவளுக்கு நானே வாங்கிக் கொடுப்பேன்.

நேற்று அந்தத் தாது வருஷ நாவலை மறுபடி திறந்தேன். பொருளடக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஆசிரியர் குறிப்பைத் தொட்டால் நேராக உள்ளே போக முடிகிறது, இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. பட்டியலில் பதினான்கு நூல்கள் இருக்கின்றன. இரண்டைப் படித்துவிட்டேன். மூன்றாவதைக் கிளை நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், வெளியே போயிருக்கிறதாம், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.