ஹாஃப்-லைஃப் 2: சுடுவதை விட எறிவதில் சிறந்த விளையாட்டு

வால்வ் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டைப் பல ஆண்டுகளாக, வெவ்வேறு கணினிகளில், சில முறை முழுமையாகவும் சில முறை பிடித்த அத்தியாயங்களை மட்டும் தேர்ந்தெடுத்தும் விளையாடி வருகிறேன். இவ்வளவு காலப் பழக்கத்துக்குப் பிறகு, அறிவியல் புனைவுச் சுடும் விளையாட்டுகளின் வரிசையில் முன்னணியில் வைக்கப்படும் இதில் மிகச் சாதாரணமான பகுதி சுடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள்களைத் தூக்குவது, எறிவது, அடுக்கி வழி உண்டாக்குவது ஆகியவற்றில்தான் இதன் உயிர் இருக்கிறது.

கம்பைன் என்னும் வேற்றுலகப் பேரரசு பூமியைப் பிடித்துவைத்திருக்கும் காலத்தில், கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர் சிட்டி 17 நகரின் ரயில் நிலையத்தில் வந்திறங்குவதிலிருந்து கதை தொடங்குகிறது. அங்கே ஒரு காவலன் காலி டின் ஒன்றைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்படி அதட்டுகிறான். சொன்னபடி செய்யலாம், அவன் முகத்திலேயே எறிந்துவிட்டு அடி வாங்கவும் செய்யலாம். பொருளை எடுக்கவும் எறியவும் கற்றுத் தரும் பாடமும், இந்த நகரத்தில் மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற செய்தியும் ஒரே காட்சியில் முடிந்துவிடுகின்றன. கலை இயக்குநர் விக்டர் ஆன்டொனோவ் பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பியச் சாயல் கொண்ட பழைய கட்டடங்களின் நடுவே கம்பைனின் உலோகக் கட்டுமானங்கள் துருத்தி நிற்பதைப் பார்க்கும்போது, கிராஃபிக்ஸ் பழையதாகிவிட்ட இன்றும் அந்த நகரம் நம்பும்படியாகவே இருக்கிறது.

பொருள்களை இழுத்து வீசும் கிராவிட்டி கன் கைக்கு வந்த பிறகு விளையாட்டின் தரமே உயர்ந்துவிடுகிறது. முதலில் டாக் என்ற ரோபோவுடன் பந்து பிடித்து விளையாடும்படி விட்டு, கருவியின் இயல்பைப் பழக்குகிறார்கள். அடுத்து வருவது ரேவன்ஹோம் என்ற பாழடைந்த ஊர். அதன் நுழைவாயிலுக்கு அருகே, பாதியாக அறுபட்ட ஸோம்பி உடலோடு ரம்பத் தகடு ஒன்று சுவரில் பாய்ந்து நிற்கிறது. அந்தத் தகட்டை இழுத்து எடுத்த உடனேயே எதிரே ஒரு ஸோம்பி தோன்ற, செய்ய வேண்டியதை யாரும் சொல்லாமலே கை செய்துவிடுகிறது. இந்த அத்தியாயத்தைக் கிராவிட்டி கன் மட்டும் கொண்டு முடிப்பவர்களுக்கெனத் தனிச் சாதனைக் குறியீடு உண்டு. துப்பாக்கிகளைத் தொடாமல் விளையாடும்போது ரேவன்ஹோம் இன்னும் கடுமையாகவும் இன்னும் நன்றாகவும் ஆகிறது என்பதால், இரண்டாம் முறை விளையாடுபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

கடற்கரை அத்தியாயத்தில் மணலில் கால் வைத்தாலே ஆன்ட்லயன் என்னும் பூச்சிகள் கிளம்பி வருகின்றன. ஆகவே பலகைகளையும் தகடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அவற்றின் மீதே நடந்து கடக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் அதே பூச்சிகள் நம் ஏவலுக்குக் கட்டுப்பட்டுக் கம்பைன் வீரர்கள் மீது பாய்கின்றன. ஒரே உயிரினத்தை இப்படி இரண்டு விதமாகப் பயன்படுத்திய சிக்கனம் பிந்தைய விளையாட்டுகளில் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

துப்பாக்கிச் சண்டைகளைப் பற்றி இவ்வளவு உற்சாகமாக எழுத முடியவில்லை. சாதாரண இயந்திரத் துப்பாக்கியில் குறி சிதறுகிறது. குண்டு பட்டதற்கான கனம் எதிரியிடம் தெரிவதில்லை. நல்ல ஆயுதங்களுக்கோ குண்டுகள் மிகக் குறைவு: மேக்னம் துப்பாக்கிக்குள் 6, கையிருப்பில் 12, ராக்கெட் 3 மட்டும். வீரன் விழும்போது அவனது வானொலியில் ஒலிக்கும் நீண்ட ஒற்றைத் தொனி அருமையான ஒலி அமைப்பு. ஆனால் அந்த வீரர்கள் 1998இல் வந்த முதல் பாகத்தின் ராணுவத்தினர் அளவுக்கு நம்மைத் திணறடிப்பதில்லை; பல இடங்களில் நேராக ஓடிவந்து விழுகிறார்கள்.

பிற்பகுதியின் தெருச் சண்டைகளில் சேர்ந்துகொள்ளும் புரட்சிக் குழுவினர் இன்னொரு குறை. குறுகிய வாசலில் வழிமறித்து நின்று மன்னிப்புக் கேட்கும் இவர்களைக் காப்பாற்றவும் முடிவதில்லை, கழற்றிவிடவும் முடிவதில்லை. விசைப்படகுப் பயணமும் தேவைக்கு மேல் நீள்கிறது. இந்தப் பகுதியில் தலைச்சுற்றல் வருவதாகப் பலர் சொல்வதுண்டு. அமைப்புகளுக்குள் சென்று பார்வைக் கோணத்தை 90க்கு உயர்த்திவிட்டால் ஓரளவு குறையும். ஒரு தாழ்வாரத்தின் நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிடும் லோடிங் இடைவெளி, எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் பொருத்திய கணினிகளில் இப்போது பெரிய தொந்தரவாக இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் விளையாட்டு சீராக ஓடுகிறது.

இறுதியில் சிட்டடல் கோபுரத்துக்குள் நம் ஆயுதங்கள் எல்லாம் பறிக்கப்பட்டு அழிகின்றன. மிஞ்சும் கிராவிட்டி கன் மட்டும் வலுவேறி, ஆட்களையே தூக்கி எறிகிறது. சண்டையாகப் பார்த்தால் மிக எளிது, அறைகூவல் என்று எதுவும் இல்லை. ஆனாலும் முன்பே சொன்ன காரணத்தால் எனக்குப் பிடித்த பகுதி இது. தயாரித்தவர்களுக்கும் தங்கள் விளையாட்டின் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததாகவே தோன்றுகிறது.

கதையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். 2024இல் வந்த இருபதாம் ஆண்டு மேம்படுத்தலுக்குப் பிறகு கதையைத் தொடரும் எபிசோட் 1, எபிசோட் 2 என்ற இரண்டு குறு விளையாட்டுகளும் இதனுடனேயே கிடைக்கின்றன. உருவாக்கியவர்களின் விளக்க உரையையும் விளையாடியபடியே கேட்கலாம். 2007இல் வந்த எபிசோட் 2 மிக முக்கியமான கட்டத்தில் அறுந்து நிற்கிறது. 2020இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் அந்தக் கட்டத்தைத் தொட்டுச் செல்கிறது என்றாலும், அதை விளையாட விஆர் (மெய்நிகர் உண்மை) தலைக்கருவி வேண்டும். முடிவு தெரியாத கதையைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் சிட்டடலோடு நிறுத்திக்கொள்ளலாம்; மற்றவர்கள் எபிசோட் 2இன் காட்டுப் பகுதிக்காகவாவது தொடர வேண்டும்.