எனக்குக் கிட்னி மாற்றிய பிரிவுக்கு 5-க்கு 4

கிட்னி மாற்றி ஏழு மாதம் ஆகிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் 1.3-ல் நிற்கிறது. டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் "அந்தப் பிரிவு எப்படி, போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். சர்ஜன், வார்டு சுத்தம், நர்ஸுகள் நடந்துகொண்ட விதம், எதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. எனக்குப் போன் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே, நான் பார்த்தே இராத ஒருவரின் கட்டிலருகே தொடங்கிவிட்ட வேலையைப் பற்றி.

எனக்கு வந்தது மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி. மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி "யூரின் வருதா?" என்பதுதான். கட்டிலோரம் தொங்கும் பையோடு ஒரு சின்ன அளவுப் பெட்டி இருக்கும், மணிக்கு ஒருமுறை நர்ஸ் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதுவார். முதல் ராத்திரி அந்தத் தாளில் 5, 0, 10, 5 மில்லி என்றே போனது. எட்டு நாள் இதே கதை. நடுவில் மூன்று டயாலிசிஸ் வேறு. இத்தனை வருடம் காத்திருந்து வந்த கிட்னி போய்விட்டது என்றே நினைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "கிட்னி தூங்குது, முழிச்சுக்கும்" என்பார். மாற்றிய முதல் ஏழு நாளுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதைத் தாமதமாக வேலை தொடங்கும் கிட்னி என்று கணக்கில் வைக்கிறார்கள், இறந்தவரிடமிருந்து வரும் கிட்னிகளில் இது சகஜம், பெரும்பாலானவை பிறகு நன்றாகவே விழித்துக்கொள்ளும். ஆனால் இதை ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது இதற்காகத்தான், அந்த எட்டு நாள் பயம் தேவையே இல்லாத பயம்.

நாலாவது நாள் நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். டோனர் யார் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது சரியும்கூட. மூளை செத்துப்போகும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று சொன்னார். முதலில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து பிபி எங்கேயோ ஏறும், ரத்தக் குழாய்கள் இறுகும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் தளர்ந்து பிபி படுத்துவிடும். நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் மூளையிலிருந்து வருவது நின்றுபோவதால் யூரின் கொட்டோ கொட்டென்று கொட்டும், உடம்பு வறண்டு சோடியம் ஏறும். உடல் சூடும் தானாக நிற்காது. இத்தனை அடியையும் கிட்னி உள்ளே இருந்தபடியே வாங்குகிறது. என் டோனருக்கும் பிபி ஒரு கட்டத்தில் ரொம்ப இறங்கி, அந்த ஐசியு ஆட்கள் ராத்திரி முழுக்க நின்று தூக்கி நிறுத்தினார்களாம்.

அந்த ராத்திரி வேலையைத்தான் நான் இந்தச் சேவையின் பாதி என்று சொல்வேன். நின்றுபோன அந்த ஹார்மோனை, வாசோபிரெசினை, மருந்தாகக் கொடுத்து யூரினைக் கட்டுப்படுத்த வேண்டும், இழந்த நீரை அளந்து ஏற்ற வேண்டும், பிபி விழாமல் மருந்தைக் கூட்டிக் குறைத்தபடியே இருக்க வேண்டும். நீரையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, நுரையீரலுக்கு ஈரம் ஆகாது, கிட்னிக்கு வறட்சி ஆகாது, இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குப் போகவேண்டியவை. டோனர் இறந்தவர்தான், ஆனாலும் பிழைக்கப்போகிற நோயாளிக்குப் பார்ப்பது போலவே மணிக்கு மணி பார்க்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் அசந்திருந்தால் என் எட்டு நாள் எத்தனை நாளாகியிருக்குமோ, கிட்னி விழிக்காமலே போயிருக்குமோ, நினைக்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் டோனரின் உடல் சூட்டை 34-லிருந்து 35 டிகிரிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், தாமதமாக வேலை தொடங்கிய கிட்னிகள் 39 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை, ரெண்டு டிகிரி சூடு, அவ்வளவுதான்! 2009-ல் ஐரோப்பாவில் இன்னொன்று: ஒரே டோனரின் ஒரு கிட்னியைக் குளிர்ந்த திரவம் ஓடும் பம்ப்பிலும் மற்றதை ஐஸ் பெட்டியிலும் வைத்தார்கள், 336 டோனர்கள், தாமதமாக வேலை தொடங்கியவை பம்ப் பக்கம் 20.8 சதவீதம், ஐஸ் பக்கம் 26.5. 2023-ல் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது தாமதமானவை, சூட்டைக் குறைத்தது மட்டும் 30 சதவீதம், பம்ப் மட்டும் 19, இரண்டும் சேர்த்து 22. ஆக, பம்ப் இருக்கிற இடத்தில் சூட்டைக் குறைப்பது அதற்கு மாற்று ஆகாது. என் கிட்னி ஐஸ் பெட்டியில் 17 மணி நேரம் இருந்து வந்தது. இந்தப் பிரிவில் பம்ப் இல்லை, வாங்கப்போகிறோம் என்கிறார்கள், சீக்கிரம் வாங்க வேண்டும். பம்ப் இருந்திருந்தால் எனக்கு டயாலிசிஸே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், அப்படி ஒருவருக்கு மட்டும் கணக்குப் போட முடியாது.

நீங்கள் எங்கே பதிவு செய்தாலும் ஏசி ரூம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், மாற்றிய கிட்னிகளில் எத்தனைக்கு முதல் வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது, கிட்னி சராசரியாக எத்தனை மணி நேரம் குளிரில் இருக்கிறது, டோனரை ஐசியுவில் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆள் உண்டா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கோஆர்டினேட்டர் கிடைத்தால் அந்த இடம் நல்ல இடம். இங்கே இருக்கும் கோஆர்டினேட்டர் என் எல்லாக் கேள்விக்கும் ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொன்னார், அதற்காகவே மற்ற நான்கு மதிப்பெண்ணையும் மனதாரக் கொடுக்கிறேன்.

ஒன்பதாவது நாள் விடியற்காலை நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார், அப்புறம் என்னை எழுப்பினார். 120 மில்லி.

ஆபரேஷனுக்கு முன்னால் கொடுக்கும் கையேட்டில் கிட்னி தூங்குவதைப் பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர்த்துவிட்டால் இதே இடத்தில் 5 ஆக மாற்றிவிடுகிறேன்.