கிளாசிக் லோட் பேலன்சரை விட்டு எதற்கு மாறுவது?

அமேசான் கிளவுடில் 2009இல் லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் சேவை) வந்தபோது அதில் ஒரே வகைதான். 2016இல் அப்ளிகேஷன் வகை வந்தபோதுதான் பழையதற்குக் 'கிளாசிக்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2017இல் நெட்வொர்க் வகையும் வந்தது. இன்றும் அதை நம்பி ஓடும் தளங்கள் உண்டு.

வெப்சைட் என்றால் அப்ளிகேஷன் வகைக்கு மாறுங்கள் என்பேன். கிளாசிக்குக்கு யூஆர்எல் பார்த்துப் பிரித்து அனுப்பத் தெரியாது. வரும் எல்லாவற்றையும் ஒரே சர்வர் கூட்டத்துக்குத்தான் தள்ளும். எச்டிடிபிஎஸ் லிசனர் (கனெக்ஷன் வாங்கும் வாசல்) ஒன்றுக்கு ஒரே சான்றிதழ். அதனால் நான்கு சர்வீஸ் இருந்தால் நான்கு லோட் பேலன்சர் நிறுத்த வேண்டிவரும். அப்ளிகேஷன் வகையில் ஒன்றே போதும். டொமைன், பாத் இரண்டையும் பார்த்துப் பிரிக்கும். வெப்சாக்கெட்டும் எச்டிடிபி/2-உம் கூடவே வருகின்றன.

சரி, பில்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வர்ஜீனியா ரீஜியனில் கிளாசிக்குக்கு மணிக்கு 0.025 டாலர், கூடவே ஜிபிக்கு 0.008. அப்ளிகேஷனுக்கு மணிக்கு 0.0225, கூடவே எல்சியு (பயன்பாட்டை அளக்க அமேசான் வைத்திருக்கும் அலகு) ஒன்றுக்கு மணிக்கு 0.008. பார்த்தால் புதியதுதான் மலிவு. ஆனால் நொடிக்கு 25 புதுக் கனெக்ஷன் வந்தாலே ஒரு எல்சியு ஆகிவிடும். கனெக்ஷனைத் திறந்து, சின்னப் பதிலை வாங்கி, உடனே மூடும் கருவிகள் நொடிக்கு 250 முறை வருகின்றன என்று வையுங்கள். டேட்டா மணிக்கு 1 ஜிபி அளவில் இருந்தாலும் 10 எல்சியு, அதாவது 0.08 டாலர். கிளாசிக்கில் அதே டேட்டாவுக்கு 0.008தான். முதலில் கீப்-அலைவை, அதாவது திறந்த கனெக்ஷனை மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசதியைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மாறுங்கள்.

யூஆர்எல் பார்க்க வேண்டாம், டிசிபி கனெக்ஷனை அப்படியே அனுப்பினால் போதும், மாறாத ஐபி முகவரி வேண்டும் என்பவர்களுக்கு நெட்வொர்க் வகை. அதற்கு செக்யூரிட்டி குரூப் (யாரை உள்ளே விடுவது என்ற ஃபயர்வால் விதிகள்) வசதி 2023இல்தான் வந்தது. உருவாக்கும்போதே ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். விட்டால் பிறகு சேர்க்க வழியில்லை.

கிளாசிக்கை விடாமல் வைத்திருக்க எனக்குத் தெரிந்து ஒரு நியாயமான காரணம் உண்டு: எச்டிடிபிஎஸ்ஸுக்கு எந்தெந்த சைஃபர் (மறையாக்க முறை) என்று நாமே பொறுக்கி எடுக்கலாம். புதியவற்றில் அமேசான் தரும் பட்டியல்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மாற்றும்போது அதே சர்வர்களை இரண்டிலும் பதிந்துவைத்து, டிஎன்எஸ் எடையை (எத்தனை பங்கு பேரை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற விகிதத்தை) கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதன் பக்கம் நகர்த்துங்கள். முழுதும் நகர்த்திய பிறகும் பழையதை உடனே அழிக்க வேண்டாம். பழைய முகவரியைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே வரும் ஜாவா புரோகிராம்கள் இருக்கும். அந்த வரத்து நின்ற பிறகு அழியுங்கள்.