எசேக்கியேல், எரேமியா ஆடியோ கோர்ஸ்: கேட்டு முடிச்சுட்டேன்

பைபிள்ல வர்ற தீர்க்கதரிசிகள் (தேவனோட வார்த்தையை ஜனங்களுக்கு சொல்றவங்க) பத்தின ஒரு ஆடியோ கோர்ஸ் காசு கட்டி வாங்கினேன், இழவு சடங்கும் தேவனோட நியாயத்தீர்ப்பும்ங்கிற பகுதிக்காகத்தான். எசேக்கியேல் புத்தகத்தோட 24-ம் அதிகாரத்தை எடுத்த விதம் செம. எசேக்கியேல் காலையில ஜனங்ககிட்ட பேசுறார், சாயங்காலம் அவர் மனைவி செத்துடுறாங்க, ஆனா அழக்கூடாதுன்னு தேவனோட கட்டளை, தலைப்பாகையை கட்டு, செருப்பை மாட்டு, தாடியை மூடாதே, மத்தவங்க கொண்டு வர்ற அப்பத்தை சாப்பிடாதேன்னு. இதெல்லாம் அப்போ துக்க வீட்டு வழக்கத்துக்கு நேர் தலைகீழ்னு விளக்கி, எருசலேம் ஆலயம் இடியும்போது ஜனங்களும் அப்படியே அழக்கூட முடியாம உறைஞ்சு நிப்பாங்கன்னு முடிச்சு போடுறாங்க பாருங்க, பஸ்ல கேட்டுட்டு இருந்தவன் ஸ்டாப்பையே விட்டுட்டேன்.

எரேமியா புத்தகத்தோட 16-ம் அதிகாரமும் ஓகே, இழவு வீட்டுக்கே போகாதேன்னு அவருக்கு சொன்னது. ஆனா அதுல செத்தவனுக்காக யாரும் உடம்பை கீறிக்க மாட்டாங்க, மொட்டை போட மாட்டாங்கன்னு வருதே, மோசேயோட சட்டம் வர்ற உபாகமம் புத்தகத்தோட 14-ம் அதிகாரம் அதை ஏற்கனவே தடை பண்ணியிருக்கு, அப்புறமும் ஜனங்க செஞ்சாங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. எரேமியா 9-ல வர்ற ஒப்பாரி பொம்பளைங்களை ரெண்டே நிமிஷத்துல தாண்டிட்டாங்க, அதான் கடுப்பு. ஆமோஸ், மீகான்னு மத்த தீர்க்கதரிசிகள் சும்மா பேருக்கு. பேசுறவர் குரல் வேற தூக்கம் வரவைக்குது, 1.25 ஸ்பீடுல கேளுங்க. அஞ்சுக்கு மூணரை.